வேலையில் இருக்கும்போதே காலை இழந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம், முதன்முதலாக வேலை தேடும் இளைஞர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் செய்யவேண்டியவை இன்னும் ஏராளம் உள்ளன. ஆனால், பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் நம் மொரிஷியஸில், பல ஆண்டுகள் உழைத்துவிட்டு நடுவயதில் காலையோ கண்பார்வையையோ இழப்பவர்களைப் பற்றி எழுதுவோர் அரிது.

என் அண்ணன் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பண்டகசாலையில் 22 ஆண்டுகள் பணியாற்றியவர். எந்தத் துணி எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை ஏட்டைப் பார்க்காமலே சொல்லுவார். ஆறாத புண்ணால் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. காயம் ஆறி, செயற்கைக் கால் பொருத்தி, அதைக்கொண்டு நடக்கப் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாள் பொறுத்திருக்க நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்தபடியே இருப்புக் கணக்கு எழுதும் வேலையாவது தாருங்கள் என்று அண்ணி நேரில் போய்க் கேட்டதற்கு, அப்படியோர் இடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

35 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் 3 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கவேண்டும் என்று 1996 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. தகுதியான ஆள் கிடைப்பதில்லை என்பது முதலாளிகள் அடிக்கடி சொல்லும் காரணம். தொழிலை நன்கறிந்த ஒருவர் கால் போன நாளில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஆள் இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை உருவாக்கி, நம் நாடு 2010 இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 27 ஆவது பிரிவு, பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்தவர்களின் வேலை உரிமையையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது.

ஆகவே, இத்தகைய ஒருவரைப் பணியிலிருந்து விடுவிக்கும் முன், முதலாளி, மருத்துவர், தொழில் அமைச்சின் அதிகாரி ஆகியோர் அவரோடு அமர்ந்து, அவரால் செய்யக்கூடிய பணிகளை எழுத்தில் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். திரும்பி வருபவர் முதல் ஆறு மாதங்கள் அரைநாள் வேலை பார்க்கவும், அந்தக் காலத்துச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கவும் வழி செய்யலாம். வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் பல குடும்பங்கள் வாய் திறவாமல் இருக்கின்றன. அதற்கு அதிகாரிகள், இங்கே எல்லோருக்கும் புரியும் கிரியோல் மொழியிலும், தமிழிலும் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். போக்குவரத்தையும் மறந்துவிடக் கூடாது. மெட்ரோவில் ஏற அண்ணனுக்குச் சிரமமில்லை. நிலையம் வரை கொண்டுசெல்லும் பேருந்தின் உயரமான படிதான் அவரைத் தடுக்கிறது.

திருவிழாக் காலங்களில் சக்கர நாற்காலிகள் வழங்கும் நம் கோயில் சங்கங்களுக்கு நன்றி சொல்கிறேன். அச்சங்கங்களில் தொழிற்சாலையும் கடையும் நடத்துபவர்கள் பலர் உறுப்பினர்களாக உள்ளனர். நோயால் உடற்குறை நேர்ந்த தம் ஊழியர்களில் எத்தனை பேரை அவர்கள் வேலையில் வைத்திருக்கிறார்கள் என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்குமாறு உறுப்பினர்களை வேண்டுகிறேன்.

அண்ணனுக்கு இப்போது 51 வயது. ஓய்வு பெறும் வயதாகிய 65 ஐ எட்ட இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்.