மாட்டையும் விசாரிக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

வேலூரில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறேன். அணைக்கட்டு பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களோடு வீடு வீடாக வந்த நாமக்கல் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும், இரண்டு கூட்டமும் சேர்ந்தேதான் போகணும் என்று பிடிவாதமாக நின்ற எங்கள் மேடத்துக்கும் இந்த நன்றி. முதல் நாள் உங்களைப் பார்த்துச் "சாணி டாக்டருங்க" என்று சிரித்தோம், மன்னிச்சிடுங்க.

அந்த ஆயா வீட்டை நான் மறக்கமாட்டேன். மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரியில் வேர்வை, இடுப்பு வலி. நான் பிபி பார்த்தேன், கொசுவலை இருக்கா, தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிறீங்களா என்று நோட்டில் இருந்த கேள்வியெல்லாம் கேட்டு முடித்து எழுந்தும்விட்டேன். அதுவரை வாயே திறக்காத அண்ணா ஒருவர் கொட்டகையைப் பார்த்துவிட்டு, "மாடு எப்ப ஆயா கன்னு போட்டுச்சு?" என்றார். கன்னு எங்க போட்டுச்சு, ஏழாம் மாசமே வீசிடுச்சு, நஞ்சுக்கொடியும் விழல, நான்தான் கையை விட்டு எடுத்தேன் என்றார் ஆயா, ஏதோ பாத்திரம் கழுவியதைச் சொல்வதுபோல.

கன்று வீச்சு நோய், அதாவது சினை மாடு மாசம் நிறையும் முன்பே கன்றைப் போட்டுவிடும் தொற்று. வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் புருசெல்லா என்ற கிருமி குவிந்திருக்கும், காய்ச்சாத பாலிலும் வரும், மனுஷருக்குத் தொற்றினால் இப்படித்தான் காய்ச்சல் வந்து வந்து போகும் என்று நீங்கள் விளக்கினபோது எனக்கு வெட்கமாகிவிட்டது, ஏனென்றால் அதே பாடத்தில் நானும் மார்க் வாங்கியிருக்கிறேன். ரத்தப் பரிசோதனையிலும் அதுதான் வந்தது. ஆறு வாரம் மாத்திரை, நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். ஆயாவை விடாமல் சாப்பிட வைத்தது மட்டும் எங்கள் சாமர்த்தியம்.

சரி, நாங்களும் கொஞ்சம் கொடுத்தோம். ஊசி போட்டபின் மூடியைத் திரும்ப மாட்டக்கூடாது, கையுறையை வெளிப்பக்கம் தொடாமல் உருவணும் என்று உங்களைத் திட்டியே பழக்கினோம். நாய் கடித்த பையனுக்குச் சோப்பு போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி ஊசிக்கு அனுப்பியது நாங்கள், அந்த நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார்த்தது நீங்கள்.

காலையில் பால் ஊற்ற வரிசையில் நின்றவர்களிடம் பத்து நிமிடம் பேச விட்ட பால் சொசைட்டி அண்ணாவுக்கும் நன்றி. அவர் இல்லையென்றால் அந்த நேரத்தில் யார் நின்று கேட்டிருப்பார்கள்?

ஆயா தேறிவிட்டார். இன்னொரு மாட்டின் கிடேரிக் கன்றுக்கு நாலு மாசம் முடிந்ததும் இந்த நோய்க்குத் தடுப்பூசி போடலாம் என்று சொல்லிப் போனீர்களாம், அந்தப் பசங்க எப்ப வருவாங்க என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். ஆறு வாரம் மாத்திரை கொடுத்த என் பேர் அவருக்கு இன்னும் தெரியாது.