கயலுக்கு: நோய்த்தணிப்புப் பராமரிப்பில் மேற்படிப்பு

சிங்கப்பூர்

அன்புள்ள கயல்,

தீரா நோயாளிகளின் வலியையும் துயரையும் தணிக்கும் இந்தத் துறையில் ஆஸ்திரேலியாவில் மேற்படிப்புக்காக நீ அனுப்பிய இரண்டு பாடத்திட்டங்களையும் வரி விடாமல் படித்துவிட்டேன். பாடத் தலைப்புகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வலியும் மற்ற அறிகுறிகளும், நோயாளியிடம் பேசும் முறை, அறநெறி, துயர்ப் பராமரிப்பு, ஆய்வு முறை. அவற்றை ஒப்பிட்டுக் குழம்பாதே. நோயாளியின் கட்டிலருகே நீ பேசும்போது, மருந்துக் கணக்குப் போடும்போது, பக்கத்தில் நின்று பார்த்து "இந்த இடத்தில் அவசரப்பட்டாய்" என்று சொல்ல ஒருவர் இருப்பாரா என்று மட்டும் பார். ஒன்றில் அது இருக்கிறது. மற்றதில் கட்டுரைகள் மட்டும்தான். கட்டுரை எழுதியே வாங்கும் பட்டம் இந்தத் துறையில் பாதிப் பட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆஸ்திரேலியாவில் கிராஜுவேட் சர்ட்டிஃபிகேட், அதன்மேல் டிப்ளோமா, அதன்மேல் மாஸ்டர்ஸ் என்று தொடரலாம். நேரே மாஸ்டர்ஸில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. நீ வேலையும் பார்ப்பதால் சர்ட்டிஃபிகேட் ஓராண்டு பகுதி நேரமாக எடு. பிடித்திருந்தால் மேலே போ. ஒரு பாடத்துக்கு வாரத்தில் பத்து மணி நேரம் ஒதுக்க முடியாத அரையாண்டில் பாடம் எடுக்காதே. இரவுப் பணி முடிந்து வந்து படிக்கலாம் என்று போடும் அட்டவணை இரண்டாவது வாரத்திலேயே கலைந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் பெப்பா (PEPA) என்ற நேரடிப் பயிற்சித் திட்டத்தில் விண்ணப்பித்துப் பார். அரசு நிதியில் நடப்பதால் உனக்குச் செலவில்லை. இரண்டு முதல் ஐந்து நாள் வரை ஒரு நோய்த்தணிப்புக் குழுவோடு இருந்து பார்க்கலாம். பொது வார்டில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அங்கே முதலில் உறுத்துவது வேகம்தான். ஒரு நோயாளியிடம் ஒரு மணி நேரம் உட்காருவார்கள். அது உனக்கு ஒத்துவருமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இனி படிப்புக்குள் வருகிறேன். நல்ல தாதிகளும் தடுக்கி விழுவது மருந்துக் கணக்கில். ஒரு கணக்கை முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் மெதுவாக வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரை 30 மில்லிகிராம் காலையும் இரவும் எடுக்கிறார். இடையில் வலி கிளம்பும்போது 10 மில்லிகிராம் சிரப், நேற்று மூன்று முறை குடித்தார். இனி விழுங்க முடியவில்லை, தோலுக்கடியில் மருந்தைச் சிறிது சிறிதாகத் தொடர்ந்து செலுத்தும் சிரிஞ்ச் டிரைவர் கருவிக்கு மாற்ற வேண்டும். பலரும் 60 என்று ஆரம்பிப்பார்கள். தவறு. இடையில் குடித்த 30-ஐயும் சேர்த்து 90. வாய்வழி மார்ஃபினைத் தோலுக்கடியில் செலுத்தும் அளவாக்க இரண்டால் வகுக்க வேண்டும்: 24 மணி நேரத்துக்கு 45 மில்லிகிராம். இடைவலிக்கான ஊசி அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 7.5; பத்தில் ஒரு பங்கில் தொடங்கும் மருத்துவமனைகளும் உண்டு, உன் இடத்து வழிமுறையைப் பார்த்துக்கொள். இரண்டால் வகுக்க மறந்து 90 என்று எழுதினால் இரட்டை மருந்து போகும். மூன்று முறை குடித்ததை மறந்தால் நோயாளி இரவெல்லாம் வலியில் கிடப்பார். இரண்டு தவறும் ஒரே தாளில், அடுத்தடுத்த வரியில் நடக்கக்கூடியவை. அதனால் நேற்றைய 24 மணி நேர மொத்தத்தைத் தனி வரியில் எழுதிவிட்டுத்தான் வகுக்க வேண்டும். வேறொரு தாதியும் தனியே கணக்குப் போட்டுச் சரிபார்க்கட்டும்.

அதே நோயாளிக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கதையே வேறு. மார்ஃபினின் கழிவுப்பொருள்கள் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், காற்றில் எதையோ பிடிப்பதுபோல் துழாவுவார், மயக்கமாக இருப்பார், தொட்டாலே முனகுவார். இதை "வலி கூடிவிட்டது" என்று படித்து மார்ஃபினைக் கூட்டினால் இழுப்பும் கூடும். அப்போது மார்ஃபினைக் குறைத்து, பெரும்பாலும் ஃபென்டனிலுக்கு மாற்றுவார்கள். ஒரு ஓபியாயிடிலிருந்து, அதாவது மார்ஃபின், ஃபென்டனில் போன்ற அபின் வகை வலிமருந்திலிருந்து, இன்னொன்றுக்குப் போகும்போது கணக்கில் வரும் அளவை அப்படியே கொடுக்காமல் கால் முதல் அரைப் பங்கு வரை குறைத்துத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பழைய மருந்துக்குப் பழகிய உடம்பு புதியதற்கு முழுதாகப் பழகியிருக்காது. இந்தக் காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் எழுதினால் தேர்வில் மதிப்பெண் குறையும். வார்டில் அதைவிடப் பெரிதாக ஏதாவது போகும்.

ஃபென்டனில் பேட்ச் ஒட்டினால் அது பிடிக்க 12 முதல் 24 மணி நேரம் ஆகும். ஆகவே 12 மணி நேர மார்ஃபின் மாத்திரையின் கடைசி வேளையைப் பேட்ச் ஒட்டும்போதே கொடுத்துவிட வேண்டும். கழற்றிய பிறகும் தோலில் தங்கிய மருந்து பல மணி நேரம் போய்க்கொண்டே இருக்கும். இங்கே வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன்: முதுகு வலிக்கிறது என்று பேட்ச் ஒட்டிய இடத்திலேயே கோடாலித் தைலம் தேய்த்து வெந்நீர்ப் பை வைப்பார்கள். சூட்டில் மருந்து கூடுதலாக உள்ளே போய் நோயாளி எழுப்ப முடியாமல் தூங்குவார். காய்ச்சலும் இதையே செய்யும். பேட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரர்களிடம், முக்கியமாகப் பணிப்பெண்ணிடம், கை வைத்துக் காட்டிச் சொல்ல வேண்டும்.

மலச்சிக்கலை மட்டும் இலேசாக எடுத்துக்கொள்ளாதே. ஓபியாயிட் தொடங்கினால் குமட்டல் ஒரு வாரத்தில் அடங்கும், தூக்கம் சில நாளில் குறையும், மலச்சிக்கல் தானாகப் போகவே போகாது. முதல் நாளே சென்னா போன்ற மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார். சிரிஞ்சில் மருந்து கலக்கும்போது டெக்ஸாமெத்தசோனை மிடாசோலமுடன் சேர்க்காதே, திரிந்துவிடும். கடைசி நாள்களில் ஒருவர் நிலைகொள்ளாமல் புரண்டால் மயக்க மருந்துக்குக் கை நீட்டும் முன் அடிவயிற்றைத் தொட்டுப் பார், சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது பேச்சு. இதற்காகத்தான் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும் என்கிறேன். ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையைச் சொல்லிக் கொடுப்பார்கள்: இடத்தை ஒழுங்கு செய்வது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று பேசுவது. படிகளை ஒப்பிப்பது எளிது. செய்தியைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். பத்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் மருந்துப் பெயர், ஸ்கேன் தேதி என்று அடுக்கத் தொடங்கிவிடுவோம். நோயாளி அழ ஆரம்பிக்கும் முன்பே அவர் அழுகையை அடைத்துவிடுகிறோம்.

நம் குடும்பங்களில் வராந்தாவில் கையைப் பிடித்து, "சிஸ்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்பார்கள். முடியாது என்று முகத்தில் அடிக்காதே, சரி என்று வாக்கும் கொடுத்துவிடாதே. "சொன்னால் அம்மாவுக்கு என்ன ஆகிடும்னு பயப்படுறீங்க?" என்று கேள். பெரும்பாலும் சாப்பாட்டை விட்டுவிடுவார், மனம் உடைந்துவிடுவார் என்பார்கள். அதை முழுதும் கேட்ட பிறகு, "நானாக எதையும் போட்டு உடைக்க மாட்டேன். அவங்களுக்கு என்ன தெரியும்னு மட்டும் கேக்கிறேன். அவங்களா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல். அந்த அம்மாவுக்குப் பாதிக்கு மேல் தெரிந்திருப்பது வழக்கம்.

இங்கே தமிழ்த் தாதிக்கு இன்னொரு பொறுப்பும் வந்து விழும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்கு ஆங்கிலம் போதாது, உன்னைக் கூப்பிடுவார்கள். உள்ளே போகும் முன் டாக்டரிடம் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டுக்கொள். ஒரு வாக்கியம் முடிந்ததும் அதை மட்டும் சொல். "நோய் கட்டுக்கு மீறிவிட்டது" என்பதை "கொஞ்சம் கஷ்டம்தான்" என்று நீ மென்மையாக்கினால், அடுத்த வாரம் அந்தக் குடும்பம் மறுபடி கீமோதெரபி எப்போது என்று கேட்டு நிற்கும். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவே வைக்காதே.

சட்டம் என்று வரும்போது அங்கே படிப்பதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2021 ஜூலை 1 முதல் நோயாளி தானே கேட்டு மருத்துவ உதவியுடன் உயிர் துறக்கச் சட்டம் இடம் தருகிறது. உன்னைப் போன்ற பதிவுபெற்ற தாதி அந்தப் பேச்சைத் தானாகத் தொடங்கக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் அது குற்றம். இங்கே 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதானவர் மருத்துவ முன்கட்டளையில் கையெழுத்திடலாம். தீரா நோயில் மரணம் நெருங்கி, தானாக முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் உயிரைச் செயற்கையாக நீட்டும் சிகிச்சை வேண்டாம் என்பதற்கு மட்டும்தான் அது. முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் வேறு. அது விருப்பத்தைச் சொல்லும், சட்டப்படி கட்டுப்படுத்தாது. தன்னால் முடியாதபோது தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் அதிகாரப் பத்திரத்தில் பெயர் உள்ள மகனும் உயிர்காக்கும் சிகிச்சையை வேண்டாம் என்று தீர்மானிக்க முடியாது. அந்த முடிவு நோயாளியின் நலனை வைத்து டாக்டர் எடுப்பது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக் குடும்பத்திடம் தவறாகச் சொல்லும் தாதிகள் உண்டு.

வீட்டில் இறக்க விரும்புகிறவருக்கு முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. வீட்டுக்கே வந்து இறுதிக்காலப் பராமரிப்புத் தரும் ஹாஸ்பிஸ் குழுவின் தொலைபேசி எண் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்க வேண்டும். மூச்சு கரகரக்கும்போது பதறி 995-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும், நெஞ்சை அழுத்துவார்கள், வீட்டில் போக நினைத்தவர் அவசரப் பிரிவில் போவார். அந்தச் சத்தம் வரும் என்று முன்பே சொல்லி, ஒருக்களித்துப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுத்தால் பாதிப் பதற்றம் குறையும். இறந்த பிறகு டாக்டர் வந்து சான்றளிக்க வேண்டும். 2022 மே 29 முதல் அந்தச் சான்றளிப்போடு இறப்புப் பதிவும் தானாக நடந்துவிடுகிறது. அன்றே மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோக நினைக்கும் நம்மவர்களுக்கு, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்பதுதான் அப்போதைய பெரிய கேள்வி.

வீடு திரும்பும் எண்ணம் இருந்தால், இங்குள்ள தாதிமை வாரியத்தின் பயிற்சிச் சான்றிதழைக் காலாவதியாக விடாதே. அங்கே வாங்கும் மாஸ்டர்ஸ் உன்னை இங்கே தானாக ஏ.பி.என். (அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ், அதாவது உயர்நிலைத் தாதி) ஆக்கிவிடாது. சேருவதற்கு முன்பே வாரியத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள். தேசியப் பல்கலைக்கழகத்தின் நோய்த்தணிப்பு மருத்துவ டிப்ளோமா டாக்டர்களுக்கானது. பெயரைப் பார்த்து ஏமாறாதே.

இந்த வாரமே பாட ஒருங்கிணைப்பாளருக்கு எழுது. கட்டிலருகே பயிற்சி எத்தனை வாரம், மேற்பார்வையாளரை அவர்கள் தருவார்களா நீ தேட வேண்டுமா, உன் பேச்சை நேரில் பார்த்து மதிப்பிடுவார்களா, வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு போகலாமா. பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் படிப்பை விட்டுவிடு. விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்க அறிக்கையை எனக்கு அனுப்பு. "சேவை செய்ய ஆசை" என்று தொடங்காதே. உன் வார்டில் வலி சரியாகக் கவனிக்கப்படாத ஒரு நிலைமையை எடுத்து, எங்கே பிசகியது, உனக்கு என்ன தெரியாமல் இருந்தது, எதைக் கற்க வருகிறாய் என்று ஒரு பக்கத்துக்குள் எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்
அம்மா