குரலை முதலில் பதியுங்கள், படம் பிறகு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழில் அறிவியல் புனைவு அனிமேஷன் ஏன் வரவில்லை என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பணமில்லை என்ற ஒரே காரணத்தோடு முடிந்துவிட்டது. அதை ஏற்க முடியவில்லை. காலத்தில் அலைந்து அலுத்துப்போன ஒரு பயணியின் கதையை அசையும் படங்களோடு கூடிய 12 நிமிட ஒலி நாடகமாகச் செய்யக் கோடிகள் வேண்டாம். நல்ல மைக் ஒன்று, கணினி இரண்டு, இலவச மென்பொருள், நான்கைந்து குரல்கள் இருந்தால் போதும். வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் படம் வரைந்துவிட்டு, பிறகு அதற்குக் குரல் தேடுகிறார்கள்.

இந்த வகை நாடகத்தில் ஒலிதான் மூலம். பிபிசியின் காலப்பயணத் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ' 1963-இல் தொடங்கியது. அதன் பழைய அத்தியாயங்கள் பலவற்றின் ஒளிப்பதிவுகளை நிறுவனமே அழித்துவிட்டது. ஆனால் நேயர்கள் வீட்டில் டேப்பில் பதிந்து வைத்த ஒலி தப்பியது. 2006 முதல் அந்த ஒலிக்குப் புதிதாகப் படம் வரைந்து வெளியிட்டு வருகிறார்கள். அதற்கு முன்பே, தொடரின் 40-ஆம் ஆண்டான 2003-இல், இணையத்துக்கென்றே ஆறு பகுதி அனிமேஷன் கதை ஒன்று வந்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்துகொண்டிருந்த காலம் அது. படம் ஓரளவுதான் அசைந்தது. நடிகர்களின் குரல்தான் கதையைத் தாங்கியது.

நம் மண்ணுக்கும் இந்த வேலை புதிதல்ல. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1944-இல் கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டார். அங்கே முடிந்த படத்துக்குக் குரல் பொருத்தினார்கள். இங்கே முடிந்த குரலுக்குப் படம் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். இது முன்னதைவிட எளிது.

எழுத்திலிருந்து தொடங்குவோம். நாடகத் தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 110 சொற்கள் பேசலாம். மௌனத்துக்கும் ஓசைகளுக்கும் இடம்விட்டால் 12 நிமிடத்துக்கு 900 சொற்கள்தான் கொள்ளும். முதல் முறை எழுதுபவர்கள் 1,600 சொற்கள் எழுதிவிட்டு, நடிகர்களை விரட்டிப் பேசவைக்கிறார்கள். அலுத்தவன் எப்படி விரட்டிப் பேசுவான்? எழுதும்போதே பக்கத்தில் ஓர் அட்டவணை வேண்டும்: காட்சி, ஆண்டு, ஊர், இவற்றோடு அந்தக் காட்சியில் பயணியின் சொந்த வயது. அட்டவணையில் வயதுக்கான அந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டால் கதை குழம்பும். 1850-இல் நிற்கும் பயணி 2020-இல் நிற்கும் அதே பயணியைவிட வயதில் மூத்தவனாக இருக்கலாம். அலுப்பு ஏறுவது காலண்டரின்படி அல்ல, அவன் வயதின்படி.

இனி குரல். அலுப்பைக் காட்டச் சொன்னால் பெரும்பாலோர் செய்வது இரண்டு: பெருமூச்சு விடுவது, வாக்கியத்தின் முடிவில் குரலைத் தொங்கவிடுவது. இரண்டாவது தமிழில் நாடகத்தையே கெடுத்துவிடும். நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. காலமும் எதிர்மறையும் அந்த வினையின் வாலில்தான் இருக்கின்றன. "அந்த வீட்டுக்கு நான் மறுபடி போ..." என்று குரல் கரைந்தால் போனேனா, போவேனா, போகமாட்டேனா என்று கேட்பவருக்குத் தெரியாது. வேறு கதையென்றால் முன்பின் வைத்து ஊகித்துக்கொள்ளலாம். காலப்பயணக் கதையில் இறந்தகாலமா எதிர்காலமா என்பதுதான் கதையே.

ஆகவே அலுப்பை வாக்கியத்தின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். வினைக்கு முன்னால் அரை விநாடி நிற்கட்டும், பிறகு கடைசி அசைவரை அதே அளவில் சொல்லி முடிக்கட்டும். குரலின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கினாலே பாதி அலுப்பு வந்துவிடும். மூச்சை வாக்கியத்துக்கு முன்னால் இழுக்காமல், எழுவாய்க்குப் பின் இழுக்கச் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும். நிற்கவைத்துப் பதிய வேண்டாம். முதுகுச் சாய்மானம் இல்லாத மணையில் உட்காரவையுங்கள். பெருமூச்சு ஓர் அத்தியாயத்துக்கு ஒன்று போதும். களைத்த காட்சிகளை நாள் முழுதும் பேசி முடித்த பின் மாலையில் பதியலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. வேண்டாம். அப்போது வருவது களைப்பு அல்ல, கம்மல். மறுநாள் எடுக்கும் திருத்தத்தோடு அது ஒட்டாது.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி, மைக் சற்றே பக்கவாட்டில். பதிவின் அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் (மோனோ). உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல், சராசரி -18 அருகே இருக்கட்டும். பின்னர் உரத்த ஒலியை அழுத்திச் சமன்செய்யும் கம்ப்ரஸரைப் போடும்போது நான்கைந்து டெசிபலுக்கு மேல் அழுத்தினால் ஒவ்வொரு மூச்சும் புயலாக எழும்பும்.

எங்கே பதிவது என்பதில் செட்டிநாட்டுக்கு ஒரு தனி வாய்ப்பும் ஒரு தனித் தொல்லையும் உண்டு. நம் பெரிய வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, தேக்குத் தூண் என எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். அழகாக இருக்கிறதே என்று வளவிலேயே, அதாவது திறந்த முற்றத்திலேயே, வசனத்தைப் பதிந்துவிட்டால் அந்த எதிரொலி முழக்கத்தைப் பிறகு எடுக்கவே முடியாது. வயல்வெளிக் காட்சியிலும் பயணி வளவில் நின்றே பேசுவான். வசனத்தை ஓர் உள்ளறையில், பஞ்சு மெத்தைகளை நிறுத்தி, தரையில் ஜமுக்காளம் விரித்து, உலர்வாகப் பதியுங்கள். மெத்தையை மைக்குக்குப் பின்னால் வைப்பது வழக்கமான பிழை. மைக் பார்ப்பது நடிகரை; அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து திரும்பும் ஒலியைத்தான் அது வாங்கும். மெத்தை அங்கேதான் வேண்டும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயனில்லை.

முழக்கத்தைத் தனியாக எடுக்க வேண்டும். விடியுமுன், மின்விசிறி, குளிர்பெட்டி, மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நடிகர் நிற்கக்கூடிய இடத்தில் ஸ்பீக்கரை ஒன்றரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். மூன்று மீட்டர் தள்ளி மைக். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை 20 விநாடிகளில் ஏறும் ஒலியை ஓட்டி, அது நின்ற பின்னும் ஐந்து விநாடி பதிவை நிறுத்தாமல் விடுங்கள். மூன்று முறை எடுத்துச் சுத்தமானதை வைத்துக்கொள்ளலாம். பலூன் உடைத்தும் எடுக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு வெடிப்பும் ஒவ்வொரு விதம், கீழ்ச்சுருதியும் போதாது. இந்தப் பதிவிலிருந்து, ஓட்டிய ஒலியை மென்பொருளால் கழித்து (டீகன்வல்யூஷன்) அறையின் முழக்கத்தை மட்டும் பிரித்து, அதை கன்வல்யூஷன் ரிவர்ப் மென்பொருளில் ஏற்றினால் உலர்ந்த வசனம் அந்த வீட்டுக்குள் போய் நிற்கும். முகப்புக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று, மூடிய கூடத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுங்கள். வளவு வானம் பார்த்தது; ஒலியின் ஒரு பகுதி மேலே போய்விடும். மூடிய கூடம் அப்படியே சுழற்றித் தரும். காலயந்திரத்தின் உட்புறத்துக்கு அதுவே பொருந்தும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிட வெறும் அமைதியையும் பதியுங்கள். வசனங்களுக்கிடையே அதை நிரப்பாவிட்டால் ஒலி துண்டு துண்டாகக் கேட்கும்.

யந்திரத்தின் ஓசைக்குக் கணினி விளைவுகளைத் தேடி அலைய வேண்டாம். 1963-இல் 'டாக்டர் ஹூ'வின் காலயந்திரத்துக்காக பிபிசியின் பிரையன் ஹாட்ஜ்சன் பழுதான பியானோவின் தந்திமேல் வீட்டுச் சாவியை இழுத்துத்தான் அந்தப் புகழ்பெற்ற ஓசையைச் செய்தார். கண்டாங்கி நெய்யும் கைத்தறியின் ஓசையை 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, வேகத்தைப் பாதியாக்கி, திருப்பி ஓட்டிப் பாருங்கள். 96 எதற்கென்றால், வேகம் குறையும்போது உச்சச் சுருதிகள் மழுங்காமல் இருக்க.

காலப்பிழைகள் காதில் உடனே உறுத்தும். 1957 ஏப்ரல் 1-க்கு முன் கடைக்காரர் நயா பைசா கேட்கக்கூடாது, அணாதான். நீராவி எஞ்சின் ஓடிய காலத்துக் காட்சியில் டீசல் ஹாரன் வரக்கூடாது. பெரியவர்களை ஆச்சி, ஐயா, அப்பச்சி என்று அழைப்பதை எந்தக் காலத்துக்குப் போனாலும் மாற்றாதீர்கள். பயணிக்கு ஊர் மாறவில்லை என்பது அதில்தான் தெரியும்.

ஒலி முழுதும் முடிந்து, இனி ஒரு விநாடிகூட மாறாது என்றான பிறகே வரையத் தொடங்குங்கள். விநாடிக்கு 12 படம் என்றால் 12 நிமிடத்துக்கு 8,640 படங்கள். எல்லாவற்றையும் வரைவது கல்லூரிக் குழுவால் ஆகாது, தேவையும் இல்லை. 25 பின்னணிகள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று கோணங்கள், ஒன்பது வாய் வடிவங்கள். ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர், கிரிட்டா ஆகிய மூன்று வரைகலை மென்பொருள்களும் இலவசம். ரூபர்ப் என்ற இலவச உதட்டசைவுக் கருவி ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டது. அதை, ஆங்கிலச் சொற்களைத் தேடாமல் ஒலிகளை மட்டும் பார்க்கும் ஒலியன் முறைக்கு மாற்றினால்தான் தமிழுக்கு ஓரளவு சரியாக வரும். அப்போதும் 'அம்மா', 'அப்பத்தா' போன்ற இரட்டித்த இடங்களில் உதடு மூடியிருக்கும் நேரம் போதாது. அங்கே மூடிய வாயைக் கையால் ஒரு படம் நீட்டிவிடுங்கள். உதடு ஒலிக்குச் சற்று முந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும், பிந்தினால் பொறுக்காது.

அலுத்தவன் அதிகம் அசையமாட்டான் என்பது இந்தக் கதையில் நமக்குச் சாதகம். ஆனால் முழுதும் அசையாத படம் கணினி நின்றுபோனது போலத் தெரியும். மூன்றிலிருந்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை இமைக்கட்டும், தோள் மூச்சுக்கேற்ப இரண்டு பிக்ஸல் ஏறி இறங்கட்டும். முக்கியமான வசனத்தில் அவன் முதுகையோ கையையோ காட்டுங்கள். வாய் வரையும் வேலையும் குறையும், கேட்பவர் கவனமும் குரலில் நிற்கும்.

கடைசி நேரத்தில் கவிழ்ப்பவை இரண்டு. 48-இல் பதிந்ததைத் தவறுதலாக 44.1 என்று ஓட்டினால் 12 நிமிடம் 13 நிமிடத்தையும் தாண்டும், குரலும் தடிக்கும். விநாடிக்கு வரைந்த 12 படங்களையும் இரண்டிரண்டு ஃபிரேமாக நிறுத்தி 24 ஃபிரேமில் தொகுத்துவிட்டு 23.976-இல் வெளியேற்றினால் முடிவில் முக்கால் விநாடி விலகும், அதற்குள் எல்லா உதடும் பொய்யாகிவிடும். மிக்ஸிங்கை -16 எல்.யு.எஃப்.எஸ். (ஒட்டுமொத்த ஒலி உரப்பின் அலகு) அளவில் முடித்து, கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் உறுமல் அதில் கேட்கவே கேட்காது. 60-இன் மடங்குகளான மேல் அதிர்வெண்களிலும் அதே உறுமலைக் கலந்தால்தான் யந்திரம் அங்கே உயிரோடிருக்கும்.

தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். நம் பகுதியில் வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. தூணை வாங்கி வேறு ஊரில் நிறுத்தலாம். அந்தக் கூடத்தின் முழக்கத்தை அப்படி எங்கும் நிறுத்த முடியாது. பிரிப்பதற்கு முன் ஒரு விடியற்காலையை மட்டும் வீட்டுக்காரர்கள் தந்தால், மேலே சொன்ன முறையில் ஒரு வீட்டை மூன்று மணி நேரத்தில் பதிந்துவிடலாம். ஊடகத் துறை வைத்திருக்கும் கல்லூரிகள் இதை மாணவர் செய்முறையாக எடுத்துக்கொள்ளலாம். கோப்பின் பெயரில் ஊர், அறை, ஸ்பீக்கரும் மைக்கும் நின்ற இடம், தேதி ஆகியவை இருக்க வேண்டும். குடும்பத்தின் பெயர் வேண்டாம். வேவ் கோப்பாகவே சேமியுங்கள், எம்பி3 ஆக்கினால் முழக்கத்தின் வால் கெட்டுவிடும்.

இப்படிக்கு,
ஒலி நாடகத் துறையினர் சிலர்,
காரைக்குடி