செயலாளரின் ஆண்டறிக்கை 2025: பயிலுநர்களும் பஸ் காசும்

தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, பயிலுநர்களே, அவர்களின் பெற்றோரே,

அனைவருக்கும் வணக்கம். சர்வதேச விவகாரங்களைத் தமிழில் படிக்கவும் பேசவும் திருகோணமலையில் இயங்கிவரும் நமது சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கை இது. நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. டித்வா புயலால் நவம்பர் கடைசியில் நடக்கவிருந்த கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் பேசவிருப்பது பெரும்பாலும் மாணவர் உள்ளகப் பயிற்சியைப் பற்றித்தான். இந்த ஆண்டு நாம் பெருமைப்படக்கூடியதும் வெட்கப்படவேண்டியதும் அதற்குள்தான் கிடக்கின்றன.

ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டோம். மூவர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்து மாணவர்கள். மற்ற இருவரும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தவர்கள். பயிலுநர் என்றால் தேநீர் ஊற்றுபவர், போட்டோக் கொப்பி எடுப்பவர் என்ற வழக்கம் இங்கே வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். தேநீரை நானே ஊற்றினேன். சீனி கூடிவிட்டது என்று இரண்டாம் நாள் முறைப்பாடு வந்தது. ஒரு மூல ஆவணத்தை எடுத்து, தமிழில் தந்து, ஊரில் அது யாருக்குத் தேவையோ அவர்களிடம் கொண்டுபோய்ப் பேசவேண்டும் என்பதே வேலை.

முதலில் எடுத்தது 1987 யூலை 29ஆம் திகதி இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களை. ராஜீவ் காந்திக்கும் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கும் இடையிலான அந்தக் கடிதங்களில் நமது ஊர் பெயர் சொல்லியே வருகிறது. திருகோணமலையோ இலங்கையின் வேறெந்தத் துறைமுகமோ, இந்தியாவின் நலன்களுக்குப் பாதகமான முறையில், எந்த நாட்டினதும் இராணுவப் பயன்பாட்டுக்கு வழங்கப்படாது என்பது அதிலுள்ள ஒரு வாசகம். மாணவர் கொண்டுவந்த முதல் மொழிபெயர்ப்பில் "இந்தியாவின் நலன்களுக்குப் பாதகமான முறையில்" என்ற நான்கு சொற்களைக் காணவில்லை. "வசனம் நீண்டுவிட்டது சேர், அதுதான் வெட்டினேன்" என்றார். நான்கு சொல் போனதும் நிபந்தனையோடு இருந்த வாக்குறுதி முழுத் தடையாக மாறிவிட்டது. பாதகமா இல்லையா என்று யார் தீர்மானிப்பது, கடிதம் அதைச் சொல்கிறதா என்று தொடங்கிய வாக்குவாதம், அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடந்த பிறகும் ஓயவில்லை. இத்தனை வருடமாக மேடைகளில் அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் பிரித்து வாசித்திருப்பார்கள்? வாசிக்காமல் பேசியவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதே கடிதத்தின் அடுத்த வாசகம், சீனக்குடாவிலுள்ள எண்ணெய்க் குதங்களை, அதாவது எண்ணெய்த் தாங்கிகளை, இரு நாடுகளும் கூட்டாகச் செப்பனிட்டு இயக்குவது பற்றியது. 2003இல் ஒரு பகுதி, இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யின் கைக்குப் போனது. முழுப் பங்கீட்டுக்கும் முடிவு வர 2022 ஜனவரி ஆயிற்று. லங்கா ஐ.ஓ.சி.க்கு 14 குதங்கள், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. இந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். கூட்டிப் பார்த்து "99 சரி" என்று பென்சிலால் சரி போட்ட மாணவி சீனக்குடாவில் பிறந்து வளர்ந்தவர். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துக் கைச்சாத்தான எரிசக்தி மையப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தைத் தன் அட்டவணையில் கடைசி வரியாக எழுதிவிட்டு, "பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து தினமும் பார்த்த பற்றைக்காடு சேர் இது, இதற்குள் இத்தனை நாடுகள் நிற்கின்றனவா?" என்று கேட்டார்.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட சமவாயத்தை மூதூர் மாணவி எடுத்துக்கொண்டார். அதை உருவாக்கிய மாநாட்டுக்கு முதலில் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. வேலை முடியுமுன் 1980இல் காலமானார். 12 கடல் மைல் வரை ஆட்புலக் கடல் (நாட்டின் இறைமைக்கு உட்பட்டது), 200 கடல் மைல் வரை பிரத்தியேக பொருளாதார வலயம் (மீன் முதலான வளங்களுக்கு அந்த நாட்டுக்கே உரிமை) என்று படம் வரைந்த துண்டுப்பிரசுரத்தோடு மாணவி கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார். பலநாட் கலத்தில் போய்வரும் பெரியவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கடலில் கோடு கீறினவர் எந்த வள்ளத்தில் வந்தவர்?" என்றார். சிரித்து முடிந்ததும் வேலைக்கு உதவும் ஒரு விடயத்தையும் அவரே சொன்னார்: அவர்கள் பார்ப்பது மைல் கணக்கை அல்ல, ஜீ.பீ.எஸ். கருவியில் தெரியும் பாகையையும் (டிகிரி) கலையையும் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு). இரண்டாம் பதிப்பில் அவை இருக்கின்றன. மற்ற இரு பயிலுநர்களின் வேலை இன்னும் முடியவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

இனி வெட்கப்படவேண்டிய பகுதி. முதல் ஆறு வாரங்கள் இவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வரும் மாணவி, மதியத்தில் பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நூலகப் பக்கம் போய்விடுவார். யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் அவரே கேட்டார்: "அனுபவம் தருகிறீர்கள், சரி. பஸ் காசு யார் தருவது?"

ஐ.நா. செயலகமே பயிலுநர்களுக்கு ஊதியம் கொடுப்பதில்லை என்று நிர்வாகசபையில் ஒருவர் எடுத்துக்காட்டினார். உண்மைதான். பயணம், தங்குமிடம், காப்புறுதி எல்லாம் அங்கே பயிலுநர் தலையில்தான். அதனால்தான் 2015இல் ஜெனீவாவில் ஒரு பயிலுநர் கூடாரம் அடித்துத் தங்கிய செய்தி உலகெங்கும் போனது. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் உதவித்தொகை கொடுக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். "நாங்கள் படித்த காலத்தில் யார் தந்தார்கள்?" என்ற கேள்வியும் வழமைபோல் எழுந்தது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் பஸ் காசும் மதிய உணவும் தீர்மானமாயின. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒருவர் மறுநாள் தன் சொந்தப் பணத்திலிருந்து ஒரு மாதச் செலவைக் கொண்டுவந்து தந்தார். பெயர் சொல்லவேண்டாம் என்றதால் சொல்லவில்லை.

வெளியிடங்களில் பயிற்சி பெற்றுக்கொடுக்கும் முயற்சி பலிக்கவில்லை. கொழும்பு நிறுவனம் ஒன்று நேர்முகத்துக்கு நேரில் வரவேண்டும் என்றதால் நமது மாணவர் இரவுப் புகையிரதத்தில் போனார். காலை ஒன்பது மணிக்கு வரவேற்பு மேசையிலேயே இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாம் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. இனி, போக்குவரத்துச் செலவை எழுத்தில் ஏற்காத இடத்துக்கு நமது பயிலுநர் எவரையும் அனுப்புவதில்லை என்ற தீர்மானத்தை இன்று சபை முன் வைக்கிறேன்.

கடைசியாகக் கணக்காய்வாளரின் கேள்வி ஒன்று. அச்சகப் பற்றுச்சீட்டில் உள்ள துண்டுப்பிரசுரங்களின் எண்ணிக்கை கையிருப்போடும் விநியோகத்தோடும் பொருந்தவில்லை என்று கேட்டிருக்கிறார். ஒரு கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது நமது நகரத் தெருக்களில் திரியும் மான்கள் இரண்டு 200 கடல் மைலையும் மென்றுகொண்டு நின்றன. எஞ்சிய துண்டுகள் அலுமாரியில் இருக்கின்றன, விரும்புவோர் பார்வையிடலாம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை