ஆமையைக் கட்டிய தறி: சீனச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சீனாவுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துப்போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

வட சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் மதில் சூழ்ந்த பழைய ஊரான பிங்யாவுக்கு நான் முதல் தடவை போனது உங்களில் ஒருவரோடுதான். பெயர் வேண்டாம். பகல் பன்னிரண்டு மணிக்கு மதிலுக்கு வெளியே பேருந்து நின்றது. மூன்றே காலுக்கெல்லாம் திரும்பி ஏறிவிட வேண்டும் என்றார்கள். மஞ்சள் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் தெற்குத் தெருவில் ஓடினோம். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் போனது. அரக்குப் பெட்டிக் கடையில் இன்னொரு முக்கால் மணி. அந்தக் கடைக்கு ஏன் அவ்வளவு நேரம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரிஷெங்சாங்கைக் காட்டினார்கள், அதில் குறையில்லை. சாயக்கடை நடத்திய குடும்பம் 1823இல் உண்டியல் வணிகத்துக்கு மாறிய இடம் அது. ஓர் ஊரில் வெள்ளியைக் கட்டிவிட்டு, சீட்டை மட்டும் கையில் எடுத்துப்போய் வேறோர் ஊரில் பணமாக்கிக்கொள்ளலாம். சீட்டில் தொகையையும் தேதியையும் எண்ணாக எழுதாமல், கடைக்காரர்களுக்கு மட்டுமே புரியும் சங்கேத எழுத்துகளில் எழுதினார்கள். வழியில் பறிபோனாலும் திருடனுக்குப் பயன்படாது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அதைப் பார்த்ததோடு "பிங்யாவ் முடிந்தது" என்று பேருந்தில் ஏற்றினீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

அடுத்த வருடம் தங்கையும் நானும் தனியாகப் போய் மூன்று இரவு தங்கினோம்.

1997இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மதிலுக்கு வெளியே இருக்கும் இரண்டு கோயில்களையும் சேர்த்தே எழுதியது. தென்மேற்கில் ஆறு கிலோமீட்டரில் ஷுவாங்லின், வடகிழக்கில் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஜென்குவோ. உங்கள் துண்டுப் பிரசுரத்தில் "யுனெஸ்கோ நகரம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தக் கோயில்களின் பெயர்கூட இல்லை.

ஷுவாங்லினில் 2,000க்கு மேற்பட்ட வண்ணச் சுதைச் சிற்பங்கள் இருக்கின்றன. முதல் மண்டபத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருட்டு, பொருள்களின்மேல் தூசி. ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால் கண் பழகுகிறது, சுவர் முழுக்க முகங்கள் கிளம்பி வருகின்றன. ஆயிரம் புத்தர் மண்டபத்தில் ஒரு காலைத் தூக்கி மடித்து, கையை முழங்கால்மேல் போட்டபடி, வேலை முடித்துத் திண்ணையில் சாய்ந்த பெண்ணைப்போல உட்கார்ந்திருக்கிறாள் கருணைத் தெய்வமான குவான்யின். அருகே காவலன் வெய்துவோ. கால்கள் ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், தலை வேறு பக்கம். யாரோ கூப்பிட்டுச் சட்டென்று திரும்புகிற நொடியில் களிமண் உறைந்துவிட்டது. இன்னொரு மண்டபத்தில் ஊமை அர்ஹத் (ஞானம் அடைந்த பௌத்தத் துறவி) என்று ஒருவரைச் சொல்கிறார்கள். வாய் மூடியிருக்கிறது, நெஞ்சு விம்முகிறது, சொல்ல வந்தது தொண்டையில் நிற்கிறது. என் தங்கை அவர் முன்னாலிருந்து நகரவே மாட்டேன் என்றுவிட்டாள். நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் அங்கே வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

ஜென்குவோவில் பார்க்க நிறைய இல்லை என்று சொல்லிவிடுவீர்கள். ஒரு மண்டபத்துக்காகவே போகலாம். பத்தாயிரம் புத்தர் மண்டபம், 963இல் கட்டியது. அப்போது அங்கே ஆண்ட வடக்கு ஹான் என்ற சிற்றரசு அடுத்த பதினாறே ஆண்டுகளில் காணாமல் போய்விட்டது, மண்டபம் நிற்கிறது. முழுக்க மரம். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. கூரையைத் தாங்கும் அடுக்குப் போதிகைகள், கீழே இருக்கும் சுவரோரத் தூணின் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும். கட்டடத்துக்குத் தலைப்பாகை பெரிதாகிவிட்டது போல. அந்தக் காலத்துச் சுதைச் சிலைகளும் உள்ளேயே இருக்கின்றன.

இனி ஆமைக்கு வருகிறேன். பிங்யாவை ஆமை நகரம் என்பார்கள். ஆறு வாயில்கள்: தெற்கு தலை, அதற்கு வெளியே இருந்த இரண்டு கிணறுகள் கண்கள், வடக்கு வால், கிழக்கிலும் மேற்கிலும் நான்கு கால்கள். மற்றக் கால்களின் வெளிவாசல் தெற்கே திரும்பியிருக்க, கிழக்கு வாயில்கள் இரண்டில் 'கீழ் வாயில்' எனப்படுவது மட்டும் நேராகக் கிழக்கே பார்க்கிறது. ஆமை ஊரைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடாமல் இருக்க, அந்தக் காலை இழுத்து லூதாய் கோபுரத்தில் கட்டிவைத்திருக்கிறார்களாம். கதைதான். ஆனால் கட்டுத்தறி நிஜம்: ஊருக்கு வெளியே சிஷியாங் கோயிலில் நிற்கும் எட்டுப் பட்டைச் செங்கல் கோபுரம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அந்த வாயிலில் நின்று பார்த்த பிறகுதான் எனக்கு ஊரின் வரைபடமே புரிந்தது.

மதிலுக்குள்ளும் ஆளில்லாத பகுதி நிறைய. சந்துகளுக்கு அங்கே பூரான் சந்து என்று பேர், அப்படித்தான் வளைந்து நெளிகின்றன. காலை ஆறரைக்கு அங்கே கரி அடுப்பு வாசனையும் சைக்கிள் மணியும் மட்டும்தான். கன்பூசியஸ் கோயிலின் மூல மண்டபம் 1163ஆம் வருடத்தது. ரிஷெங்சாங்கில் முண்டியடித்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே வரவில்லை. 1370இல் எழுப்பிய மதில் ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே சுற்றுகிறது. வெளியே செங்கல், உள்ளே இடித்துக் கெட்டித்த மண். 2021 அக்டோபர் மழையில் உட்புறம் சுமார் 25 மீட்டர் சரிந்தது. அந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தால் இவ்வளவு நாள் நின்றதே பெரிது என்று தோன்றும். இந்த ஊரே 1980களின் தொடக்கத்தில் சாலை அகலப்படுத்தும் திட்டத்துக்குப் போயிருக்க வேண்டியது. ஷாங்காய் தோங்ஜி பல்கலைக்கழகத்து நகர அமைப்பு ஆசிரியர் ருவான் யீசான் ஓடிவந்து தடுத்தார்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். வயதானவர்கள் நடக்கமாட்டார்கள், சைவச் சாப்பாடு கிடைக்காது, செலவு கூடும் என்பீர்கள். இரண்டு கோயில்களுக்கும் வாசல்வரை வண்டி போகிறது. தெற்குத் தெருவில் எங்களை ஓடவிட்ட தூரத்தில் பாதிகூட அங்கே நடக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு, ஒருவகை ஓட்ஸ் மாவைச் சுருட்டித் தேன்கூடு மாதிரி நிறுத்தி ஆவியில் வேகவைத்துத் தருகிறார்கள், கவ்லாவ்லாவ் என்று பெயர். இறைச்சிக் குழம்பு வேண்டாம், தக்காளிக் குழம்பு போதும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டினால் நம் வீட்டுப் பாட்டியும் சாப்பிடுவாள். செலவு கூடும், அது உண்மை. ஓர் இரவு அறை வாடகை. அரக்குக் கடையில் எங்கள் குழு விட்ட பணத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அடுத்த வருடத் திட்டத்தில் பிங்யாவ் என்ற இடத்தில் "இரண்டு இரவு, ஒரு நாள் முழுக்க மதிலுக்கு வெளியே" என்று போடுங்கள். கடையை எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் கடைக்குப் போகாதவர்களை ஷுவாங்லினில் இறக்கிவிட ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள். அப்படி ஒரு பட்டியல் வந்தால் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் வருகிறேன். இரண்டு பேருக்கும் முன்பணம் கட்டத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி ஒருத்தி