கோபுரங்களைக் காத்தீர்கள், ஏடுகளையும் காப்பாற்றுங்கள்

கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பழைய கலங்கரை விளக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கான பயணத்தை அண்மையில்தான் முடித்தேன். 11 கோபுரங்களில் ஏறி இறங்கினேன். கதவைத் திறந்துவிட்டவர்களுக்கும், மேலே வரை கூடவே ஏறிவந்து பொறுமையாக விளக்கியவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்த நன்றியோடு ஓர் அவசரக் கோரிக்கையையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு கோபுரத்தின் அடித்தளத்தில், முன்பு எண்ணெய்ப் பீப்பாய்களை வைத்திருந்த அறை ஒன்று இருக்கிறது. அந்தக் கோபுரத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அந்த அறையின் மர அலமாரியில் காப்பாளர்கள் எழுதிவந்த பதிவேடுகள் அடுக்கப்பட்டிருந்தன. கீழ்த்தட்டில் இருந்தவை ஈரத்தில் ஊறி ஒரே கட்டியாகிவிட்டன. மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்தேன். விளக்கு ஏற்றிய நேரம், அணைத்த நேரம், எரிந்த எண்ணெய், காற்றின் திசை, கண்ணில் பட்ட கப்பல்கள் என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து கட்டத்தை மீறி ஓரம் வரை போயிருந்தது. லென்ஸைச் சுழற்றும் பொறி நள்ளிரவில் நின்றுவிட, விடியும்வரை கையாலேயே சுற்றியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு பேரின் கையெழுத்து மாறி மாறி வருகிறது. ஒருவர் சுற்ற, மற்றவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஓரிடத்தில் மை இழுபட்டு விரல் ரேகை பதிந்திருந்தது. நெடுநேரம் அந்தப் பக்கத்தை என்னால் மூட முடியவில்லை.

கடிகாரம் எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தனக்கென்று ஓர் ஒளித் தாளம் உண்டு. எத்தனை நொடிக்கு எத்தனை மின்னல் என்று எண்ணிப் பார்த்துத்தான் தொலைவில் வரும் மாலுமி இது எந்தக் கரை என்று அறிகிறார். சுழற்சி மெதுவானால் தாளம் மாறும். தாளம் மாறினால் அது வேறொரு கரையின் விளக்காகிவிடும். கப்பல் பாறையில் போய் மோதும். கலத்தைக் கரைவது, அதாவது கூவி அழைப்பது, என்பதால்தானே அது கலங்கரை விளக்கம்? அந்தக் குரல் பிசகாமல் இருக்க இரண்டு மனிதர்கள் ஓர் இரவு முழுவதும் டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியைத் தள்ளியிருக்கிறார்கள். அந்த இரவுக்கு இந்தப் பக்கத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அதே கோபுரத்தின் உச்சியில் அவர்கள் சுற்றிய லென்ஸ் பளபளவென்று மின்னுகிறது. பட்டகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பித்தளைச் சட்டத்தை மெருகேற்றி வைத்திருக்கிறீர்கள். அந்த உழைப்பை மனதாரப் பாராட்டுகிறேன். 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் இயற்பியலாளர் ஃபிரெனெல் முதன்முதலாகப் பொருத்திய லென்ஸின் வாரிசு அது, காக்கப்பட வேண்டியதுதான். கோர்துவான் கோபுரமே 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. கல்லுக்கும் கண்ணாடிக்கும் கிடைத்த இந்த மரியாதை காகிதத்துக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

ஏடு இல்லாத இடத்தில் என்ன முளைக்கும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஃப்ளானன் தீவுகளே சாட்சி. 1900 டிசம்பரில் அங்கிருந்த காப்பாளர்கள் மூவரும் காணாமல் போனார்கள். பயங்கரப் புயல் அடித்ததாகவும், அவர்கள் அழுததாகவும், பிரார்த்தனை செய்ததாகவும் பதிவேட்டில் எழுதியிருந்தது என்று இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அத்தனையும் பிற்காலத்தில் யாரோ புனைந்தவை. அவர்கள் கடைசியாக விட்டுச்சென்றவை டிசம்பர் 15 காலை வரையிலான சாதாரண வானிலைக் குறிப்புகள்தான். தீவுக்கு முதலில் போய் இறங்கிய மாற்றுக் காப்பாளரின் கடிதமும், விசாரித்த கண்காணிப்பாளரின் அறிக்கையும் பத்திரமாக இருந்ததால்தான் புனைவைப் புனைவு என்று காட்ட முடிந்தது. இறந்துபோன மூவரின் மானத்தை அந்த இரண்டு காகிதங்கள் காப்பாற்றின என்றே நான் நினைக்கிறேன்.

வரலாற்று ஆசிரியர்களுக்கு மட்டும் பயன்படும் சங்கதி என்றும் இதை ஒதுக்கிவிட முடியாது. கனடாவின் மேற்குக் கரையிலுள்ள ரேஸ் ராக்ஸ் கலங்கரை விளக்கத்தில் 1921 முதல் கடல் நீரின் வெப்பநிலையை அளந்து எழுதிவருகிறார்கள். கடல் எப்படி மாறிவருகிறது என்று ஆராய்பவர்களுக்கு அப்படிப்பட்ட நீண்ட வரிசை ஒரு புதையல். உங்கள் அலமாரிகளிலும் பல்லாண்டுக் காற்றும் மூடுபனியும் எழுத்தாக உறங்குகின்றன. இந்தப் பயணத்திலேயே ஓரிடத்தில், இடம் அடைக்கிறது என்று ஏடுகளை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை.

ஆகவே கேட்கிறேன். எல்இடி விளக்கு வந்ததிலோ, லென்ஸை மிதக்கவிட்டுச் சுழற்றிய பாதரசத் தொட்டிகளை அகற்றுவதிலோ எனக்கு மனக்குறை இல்லை. பாதரச ஆவி நஞ்சு, அது போகத்தான் வேண்டும். ஆனால் கருவிகளைக் கழற்ற ஆள் அனுப்பும் அன்றே ஏடுகளை எடுக்கவும் ஓர் ஆளை அனுப்புங்கள். ஒட்டிப்போன பக்கங்களைக் கையால் பிரிக்க வேண்டாம். ஆவணப் பாதுகாப்பில் தேர்ந்தவர்களிடம் அப்படியே ஒப்படையுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றைப் பக்கம் விடாமல் படமெடுத்து எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ஓர் அலமாரியைப் பார்க்க அனுமதி கேட்டு நான் எட்டு மாதம் காத்திருந்தேன். அந்த எட்டு மாதத்திலும் ஈரம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

ஓய்வுபெற்ற காப்பாளர்களிடமும் பேசுங்கள். பிரிட்டனில் ஆள் இருந்த கடைசி விளக்கான நார்த் ஃபோர்லாண்ட் 1998-இல் தானியங்கியானது. உலகின் பல கரைகளிலும் இதே கதைதான். திரியைக் கத்தரித்த கைகளும் இரவுக் காவலில் விழித்திருந்த கண்களும் முதுமை எய்திவிட்டன. நான் சந்தித்த ஒருவர், தன் விளக்கின் தாளத்தை மேசைமேல் விரலால் தட்டிக் காட்டினார். நொடி பிசகவில்லை.

நான் சொன்ன அந்த அறையில் மேல்தட்டு ஏடுகள் இன்னும் பிரிகின்றன. அடுத்த புயல் பருவத்துக்குள் அவற்றை மாடிக்கு மாற்றினாலே போதும், பாதியைக் காப்பாற்றிவிடலாம். எது அந்தக் கோபுரம் என்று அதற்குப் பொறுப்பான அலுவலகத்துக்குத் தனியே எழுதியிருக்கிறேன். சுமக்க ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோபுரங்களில் ஏறி இறங்கிய ஒரு நூலாசிரியர்