முதல் அத்தியாயம் குறித்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ தை மாதத்தில் அனுப்பிய ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை, ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வகைப்பாடும் பரவலும் பற்றிய அந்தப் பக்கங்களை, முழுமையாகப் படித்து முடித்துவிட்டேன். இரண்டாம் அத்தியாயம் பின்னால் வருகிறது என்று எழுதியிருந்தாய். அது வந்ததும் இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆவணியும் பிறந்துவிட்டது. வேலை மிகுதியாக இருக்கும் என்று அண்ணா சொல்கிறான்; அப்படியே இருக்கட்டும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் விலங்கியல் விடைத்தாள்களைத் திருத்தியே காலம் கழித்தவள் நான். ஒரு தாளையும் திருத்தாமல் திருப்பிக் கொடுத்ததில்லை. உன்னுடையதையும் அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை.

முதலில் பெயர். நான்காம் பக்கத்தில் பைசெட்டர் மாக்ரோசெபாலஸ் என்கிறாய். ஒன்பதாம் பக்கத்தில் பழைய பதிவொன்றைக் காட்டும்போது பைசெட்டர் கேட்டோடன் என்கிறாய். இரண்டும் ஒரே விலங்கு என்பதை எங்கும் சொல்லவில்லை. லின்னேயஸ் 1758இல் சிஸ்டமா நேச்சுரேயின் 10ஆம் பதிப்பை வெளியிட்டபோது திமிங்கலங்களை மீன்களிடமிருந்து பிரித்துப் பாலூட்டிகளுடன் சேர்த்தார் என்று எழுதியிருக்கிறாய், அது சரி. ஆனால் அதே நூலில் அவர் பைசெட்டர் என்ற சாதிக்குள், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்க்கும் தொகுதிக்குள், கேட்டோடன், மாக்ரோசெபாலஸ், மைக்ரோப்ஸ், டுர்சியோ என்று நான்கு இனங்களை வைத்தார் என்பதை விட்டுவிட்டாய். அவர் தமக்கு முன் எழுதியவர்களின் குறிப்புகளிலிருந்து தொகுத்தார். கரையொதுங்கிய விலங்கை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருந்ததால் ஒன்றே பல பெயர்களில் நின்றுவிட்டது. 1911இல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ், பட்டியலில் முதலில் வருவது என்ற காரணத்தால் கேட்டோடனைத் தேர்ந்தெடுத்தார். 1974இல் ஹுசனும் ஹொல்தூயிஸும் மாக்ரோசெபாலஸே நிற்க வேண்டும் என்று வாதிட்டார்கள். 1986இல் ஷெவில் அதை மறுத்தார். மாக்ரோசெபாலஸுக்கு மூச்சுத்துளை பிடரியில் இருப்பதாக லின்னேயஸ் எழுதியிருக்க, இந்தத் திமிங்கலத்துக்கோ அது தலையின் முன்நுனியில், இடப்பக்கமாக இருக்கிறது என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. அடுத்த ஆண்டே ஹொல்தூயிஸ் அதற்குப் பதில் எழுதினார். இன்று பெரும்பாலானோர் மாக்ரோசெபாலஸ் என்றே எழுதுகிறார்கள், நீயும் எழுது. ஆனால் பழைய பதிவுகளில் கேட்டோடன் என்று வருவதெல்லாம் இதுவே என்று ஒரு வரி சேர். முதல் அத்தியாயம்தானே என்று விட்டுவிடாதே. பின்னால் வரும் எல்லா அத்தியாயங்களும் அந்தப் பெயரை நம்பித்தான் நடக்கின்றன.

இதில் உனக்குப் பயன்படக்கூடிய ஒன்றை நீ கவனிக்கவில்லை. ஹுசனும் ஹொல்தூயிஸும் மாக்ரோசெபாலஸ் என்ற பெயருக்கு ஆதாரமாகக் கொண்ட மாதிரி, 1598இல் நெதர்லாந்தின் பெர்க்கே கரையில் ஒதுங்கிய ஓர் ஆண். வட கடலின் தென்பகுதி ஆழமற்றது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கிக் கணவாய் தேடும் விலங்குக்கு அங்கே உணவில்லை. ஆகவே உலகக் கடல்கள் முழுவதற்கும் உரிய ஓர் இனத்தின் பெயர், தன் வாழிடத்துக்கு வெளியே வழிதவறிப் போய் இறந்த ஒன்றின் மேல் நிற்கிறது. 2016இன் தொடக்கத்தில் அதே வட கடல் கரைகளில் 30 ஸ்பெர்ம் திமிங்கலங்கள் ஒதுங்கின. அவை எல்லாமே ஆண்கள், அதுவும் இளையவை. வகைப்பாட்டையும் பரவலையும் நீ தனித்தனித் தலைப்புகளில் பிரித்துவைத்திருக்கிறாய். இந்த இடத்தில் அவை ஒன்றையொன்று தொடுகின்றன. இங்கிருந்தே இரண்டாம் தலைப்புக்குப் போகலாம். யோசித்துப் பார்.

கோகியாவுக்கு நான்கே வரிகள் கொடுத்திருப்பதைக் கண்டு மனம் வருந்தினேன். பைசெட்டர் சாதியில் ஓரினம்தான் உண்டு. அதன் நெருங்கிய உறவு இந்தக் கோகியா சாதியின் இரண்டு சிறிய இனங்களே. பிரெவிசெப்ஸ் 1838இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு பிளான்வில்லால் விவரிக்கப்பட்டது. சிமாவோ நம் கடலின் பிள்ளை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், அப்போது அந்த மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினக் கரையில் பெற்ற மாதிரியைக் கொண்டு 1866இல் ரிச்சர்ட் ஓவன் அதை விவரித்தார். அவர் அதைப் பைசெட்டர் சாதியில் வைத்துப் பின்னர் அது கோகியாவுக்கு மாற்றப்பட்டதால்தான் ஓவனின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. மாக்ரோசெபாலஸ் வைத்த சாதியிலேயே இருப்பதால் லின்னேயஸ், 1758 என்பதற்கு அடைப்புக்குறி கிடையாது. நீ இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறாய். பாடசாலையில் படிக்கும்போதே இந்த விதியைப் பிழையில்லாமல் சொன்ன பிள்ளை நீ. உறக்கமில்லாமல் எழுதினாயோ என்று நினைத்தேன். கோகியாவின் இரண்டு இனங்களும் நெடுங்காலம் ஒன்றாகவே கருதப்பட்டு, 1966இல் ஹாண்ட்லியால்தான் தெளிவாகப் பிரிக்கப்பட்டன என்பதால், அதற்கு முந்திய பரவல் பதிவுகளை எந்த இனத்தின் கணக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க முடியாது. இலங்கை மீனவரின் வலைகளில் சிமா சிக்குவது உனக்குத் தெரியாததா?

மேல்நிலை வகைப்பாட்டை மிக நன்றாக எழுதியிருக்கிறாய். 1993இல் மிலின்கோவிச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் மரபணுக்களைக் கொண்டு, ஸ்பெர்ம் திமிங்கலம் பல்லுள்ள ஏனைய திமிங்கலங்களைவிட, பல்லில்லாத பெருந்திமிங்கலங்களுக்கே நெருங்கியது என்று சொன்னதையும், 2001இல் நிக்காயிதோவும் அவர் குழுவினரும் மரபணுத் தொகுதியில் தாவிப் பதியும் துண்டுகளை ஒப்பிட்டு, பல்லுள்ளவை யாவும் ஒரே கிளை என்று மீண்டும் நிறுவியதையும், நான் வகுப்பில் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பக்கத்தைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ, உன்னிடமிருந்து சித்திரையில் தனக்கு இரண்டு வரி வந்தது என்றா. எனக்கு அது தெரியாது. வந்தது நல்லதுதான்.

இனிப் பரவல். உன் முதல் வரைபடத்தில் துருவப் பனி விளிம்பு முதல் நிலநடுக்கோடு வரை எல்லாக் கடலையும் ஒரே நிறத்தால் நிரப்பி, கருங்கடலை மட்டும் விட்டிருக்கிறாய். இனத்தின் பரவல் என்று கேட்டால் அது பிழையன்று. ஆனால் அந்த நிறத்துக்குள் இரண்டு வேறு வாழ்க்கைகள் இருக்கின்றன. ஏறக்குறைய 11 மீட்டர் வளரும் பெண்கள் தங்கள் குட்டிகளோடு, பெரும்பாலும் 40 பாகை அகலாங்குக்கு உட்பட்ட, 15 பாகைக்கு மேல் வெப்பமுள்ள ஆழ்கடல்களிலேயே வாழ்கின்றன. 16 மீட்டர் வளரும் ஆண்களோ பத்து வயதையொட்டித் தாயின் கூட்டத்தை விட்டு விலகி, வயது ஏற ஏறக் குளிர்ந்த நீருக்குப் போய், இனப்பெருக்கத்துக்காக வெப்பக் கடலுக்குத் திரும்புவது பெரும்பாலும் இருபதுகளின் பிற்பகுதியில்தான். ஆகவே வரைபடம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். பெண் குட்டிகள் வாழ்நாள் முழுவதும் தாயோடேயே இருக்கின்றன என்று நீ எழுதிய வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது சரியான வரி, மாற்ற வேண்டாம்.

வட நோர்வேயில் நீ இருக்கும் ஆண்டெனஸ் பற்றிய பகுதியில், கரைக்கு மிக அருகே வரும் பிளைக் கடலடிப் பள்ளத்தாக்கில் காணப்படுபவை ஆண்களே என்பதையும், அங்கே படமெடுக்கப்பட்ட சில ஆண்களின் வால்கள் அசோர்ஸ் தீவுகளில் எடுக்கப்பட்ட படங்களோடு பொருந்தின என்பதையும் நன்றாக இணைத்திருக்கிறாய். அங்கே கார்த்திகையின் நடுவில் மறையும் சூரியன் தைப்பொங்கலை ஒட்டித்தான் திரும்ப வரும் என்பதை நீ போன முதல் வருடம் சொல்லியிருந்தாய். அந்த இருட்டில் தனியே இருப்பது யாருக்கும் எளிதல்ல. கடைசியாக நீ அண்ணாவுக்கு அனுப்பிய நிழற்படத்தில் பின்னால் கடலே இல்லை, உயரமான கட்டடங்கள் இருந்தன. மெலிந்தும் இருந்தாய். கூட்டம் ஏதாவதற்குப் போயிருப்பாய் என்று நானே நினைத்துக்கொண்டேன். நேரத்துக்குச் சாப்பிடு. முதல் அத்தியாயத்தை முடித்துவிடு. மற்றவை தானாக வரும்.

நம் பக்கத்துக் கடலை நீ இரண்டு பத்தியில் கடந்துவிட்டாய். வட இந்து சமுத்திரத்தின் பரவல் வேறெந்தக் கடலையும் போன்றதல்ல. வடக்கே ஆசியா அடைத்திருக்கிறது; திருகோணமலைக்கு வெளியே பிறக்கும் ஆண் குட்டிக்கு வடக்கே குளிர்ந்த கடல் கிடையாது, குளிரைத் தேடினால் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கேதான் போக வேண்டும். கடலடிப் பள்ளத்தாக்கு நம் துறைமுக வாசல்வரை வருவதால்தான் கோணேசர் மலையிலிருந்து பார்க்கும் தூரத்திலேயே ஆழ்கடல் விலங்குகள் வருகின்றன. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின், 1982 முதல் 1984 வரை டுலிப் என்ற சிறிய பாய்க்கப்பலில் வந்த ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலியோர் இங்கே செய்த வேலையை நீ குறிப்பிட்டிருக்கிறாய். அதற்குப் பின்னால் வந்த நீண்ட இடைவெளியை உன் அட்டவணை வெறுமையாகக் காட்டுகிறது. அந்த வெறுமை திமிங்கலம் இல்லாததால் வந்ததல்ல. எங்கள் ஆட்கள் மீன்பிடிக்கவே கடலுக்குப் போகத் தடை இருந்த காலம் அது. பார்க்க ஆளில்லாத கடலில் பதிவு எப்படி இருக்கும்? இதை நீ எழுத வேண்டும், நீதான் எழுத முடியும். டவுன்சென்ட் 1935இல் அமெரிக்க வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளிலிருந்து 36,000க்கும் அதிகமான ஸ்பெர்ம் திமிங்கலங்கள் பிடிபட்ட இடங்களை மாத வாரியாகப் புள்ளியிட்டார். அந்த வரைபடமும் கப்பல்கள் போன இடத்தைத்தான் காட்டுகிறது. போகாத இடம் அதில் வெள்ளையாகவே கிடக்கிறது. அப்பாவின் நீலக் கொப்பியில் படகுக்காரர் சொன்னவை திகதியோடும் கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடும் இருக்கின்றன. விஞ்ஞானப் பதிவென்று யாரும் ஏற்க மாட்டார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய். பின்னிணைப்பில் வைக்கலாமே. திகதியும் இடமும் உள்ள எந்தப் பதிவையும் வீசாதே.

பதிவு பொய்த்தால் என்னவாகும் என்பதற்குச் சோவியத் வேட்டைக் கப்பல்களே போதும். கொன்ற எண்ணிக்கையையும் பெண்களைக் கொன்றதையும் பல ஆண்டுகள் மறைத்துக் கணக்குக் கொடுத்ததை 1990களில் யாப்லகோவ் முதலியோர் வெளிக்கொண்டு வந்தார்கள். அதுவரை அந்தக் கணக்கை நம்பிப் போட்ட மதிப்பீடுகள் எல்லாம் கோணலாயின. இன்னொன்று: 2002இல் உலகத் தொகை சுமார் 3,60,000 என்றும் 2022இல் சுமார் 8,40,000 என்றும் வைட்ஹெட் மதிப்பிட்டதை நீ அடுத்தடுத்து வைத்திருப்பதால், இருபது ஆண்டுகளில் தொகை பெருகிவிட்டது போலத் தோன்றுகிறது. இரண்டாவது மதிப்பீடு கூடுதல் கணக்கெடுப்புகளாலும், ஆழத்தில் மூழ்கியிருப்பதால் கண்ணுக்குத் தப்பியவற்றைத் திருத்திக் கணக்கிட்டதாலும் உயர்ந்தது. அந்த வரியை உடைத்து எழுது. துணையினங்கள் எவையும் ஏற்கப்படவில்லை என்பதும், மத்தியதரைக் கடல் தொகை மட்டும் அழியும் அபாயத்தில் உள்ளதாகத் தனியே பட்டியலிடப்பட்டிருக்கிறது என்பதும் போதுமானவை. 2003இல் ரெண்டலும் வைட்ஹெட்டும் காட்டிய, கோடா எனப்படும் சொடுக்கொலித் தொடர்களால் வேறுபடும் குலங்களைப் பற்றிய பகுதியில் எனக்குத் திருத்த ஒன்றுமில்லை. ஒரே கடலில் வாழ்ந்தும் தன் குலத்தின் ஒலியை அறிந்தவற்றோடு மட்டும் சேர்வதை அழகாக எழுதியிருக்கிறாய்.

மகளே, உன் எழுத்தில் பிழை பிடிக்க மட்டும் நான் இதை எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. தொலைபேசி மணி அடிக்காத நாளில் ஒரு பயம், அண்ணா என் முகத்தைப் பார்க்காமல் பேசும்போது வேறொரு பயம். அவனிடம் கேட்டால் சொல்லிவிடுவான். நீ சொல்லாததை அவன் வாயால் கேட்க எனக்கு விருப்பமில்லை. உன் மேற்பார்வையாளர் யாராக இருந்தாலும், படிப்பு எந்த ஊரில் தொடர்ந்தாலும், தொடராமலே போனாலும்கூட, இந்த அத்தியாயம் ஒன்று மட்டுமே எழுதியவளாக நீ வந்தாலும் இந்த வீட்டில் உன் அறை உன் அறைதான். எழுதியது நல்ல அத்தியாயம். பெயர்களையும் அடைப்புக்குறிகளையும் சரிசெய்துவிடு, வரைபடத்தை இரண்டாக்கு.

அப்பாவின் கொப்பியை மழை தொடங்கும் முன் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஒரே பிரதி என்பதால் கை மாறிப் போகக் கூடாது. என்னிடம் இருப்பது ஆண்டெனஸ் விலாசம். இப்போதும் அதற்கே அனுப்பலாமா, வேறு விலாசம் எழுத வேண்டுமா என்பதை எனக்கே நேராக எழுது.

அன்புடன்,
அம்மா